பவர் பிரஸ்ஸில் கை மாட்டினா, 108 வர்றதுக்குள்ள என்ன பண்ணணும்?

கணபதி_பட்டறை:
வணக்கமுங்க. பவர் பிரஸ்ஸும் லேத்தும் ஓடுற சின்னப் பட்டறை. முதலுதவிப் பெட்டியில டிங்சரும் பஞ்சும்தான் கிடக்குது. டூர்னிகெட் (ரத்தம் நிக்கக் கையை இறுக்கிக் கட்டி முறுக்குற பட்டை) வாங்கலாம்னா, "அதைக் கட்டினா கையே போயிரும்"ங்கிறார் ஃபோர்மேன். எது சரிங்க? விரல் துண்டானா ஐஸ்ல போடணுமா?

அவசரப்பிரிவு_செவிலி:
ஃபோர்மேன் சொல்றது பழைய பாடமுங்க. முதலுதவியில முன்னாடி மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம்னு வரிசை இருந்துச்சு. இப்ப பீறிட்டு வர்ற ரத்தத்தை நிறுத்துறதுதான் முதல் வேலை.

விரலுக்கு டூர்னிகெட் வேண்டியதில்லை. மடிச்ச காஸ் (காயம் கட்டுற மெல்லிசான துணி) வெச்சு விடாம அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிங்க. நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பார்த்தா உறைஞ்சது பிஞ்சு மறுபடி ஒழுகும். மஞ்சள், காப்பித்தூள் வேண்டவே வேண்டாம். சர்ஜன் அதைச் சுரண்டி எடுக்கவே நேரம் போயிரும்.

மணிக்கட்டுலயோ முழங்கைக்குக் கீழயோ வெட்டி, அழுத்தியும் நிக்கலைன்னா அப்ப டூர்னிகெட். காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேல, மூட்டு மேல படாம. ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும், வலியில கத்தத்தான் செய்வாங்க. அரைகுறையாக் கட்டினா ரத்தம் திரும்பிப் போற சிரை மட்டும் அடைபட்டு, ரத்தம் கொண்டு வர்ற தமனி ஓடிட்டே இருக்கும். ரத்தப்போக்கு இன்னும் கூடும். நிக்கலைன்னா அதுக்கு மேலயே இன்னொண்ணு. கயிறு, கம்பி கூடாது, 4 செ.மீ. அகலமாவது இருக்கணும், இல்லைன்னா நரம்பை நசுக்கிரும்.

பிரஸ்_ஆபரேட்டர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. மெயின் சுவிட்சை அணைச்சாலும் ஃப்ளைவீல் (பிரஸ்ஸோட கனமான சக்கரம்) சுத்திட்டுத்தான் இருக்கும். முழுசா நின்ன பிறகு கையை எடுங்க. அவசரத்துல கிளட்சைத் தொட்டா ராம் (மேல இருந்து இறங்கி அழுத்துற பாகம்) இன்னொரு தடவை இறங்கும்.

சூலூர்_வாசகர்:
20 நிமிசத்துக்கு ஒருக்கா டூர்னிகெட்டைத் தளர்த்தணும்னு படிச்சிருக்கேனே?

அவசரப்பிரிவு_செவிலி:
கூடாதுங்க. தளர்த்துற ஒவ்வொரு தடவையும் ரத்தம் போகும். 2 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி சேர்ந்தா பெரும்பாலும் கைக்கு ஆபத்தில்லை. அவிழ்க்கிறது டாக்டர் வேலை.

அடிபட்ட நேரம், கட்டின நேரம், ரெண்டையும் மார்க்கர்ல எழுதுங்க. முதல் நேரம் மருந்துக்கு வேணும். ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட்தான் அது, ஆஸ்பத்திரியில ஊசி வழியா ஏத்துவாங்க: 1 கிராம் 10 நிமிசத்துல, அப்புறம் 8 மணி நேரத்துல இன்னொரு கிராம். கிராஷ்-2ங்கிற பெரிய ஆய்வுப்படி, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள்ள குடுத்தா பலன். அதுக்கப்புறம் குடுத்தா கெடுதல்கூட வரலாம்.

துண்டான விரல்: சலைன்ல (ஆஸ்பத்திரி உப்புத்தண்ணி) நனைச்சுப் பிழிஞ்ச காஸ்ல சுத்தி, ஜிப் கவர்ல போட்டு மூடணும். அந்தக் கவரை ஐஸும் தண்ணியும் கலந்த இன்னொரு கவர்ல வைங்க. ஐஸ் நேரா விரல்ல பட்டா தசை உறைஞ்சு செத்துரும், ஒட்ட வைக்க முடியாது. குளிர்ல இருந்தா விரல் 24 மணி நேரம்கூடத் தாங்கும். முன்கையில தசை அதிகம், குளிர் இல்லைன்னா 6 மணி நேரம்தான். தோல்ல தொங்கிட்டிருந்தா அறுத்து விடாதீங்க, அப்படியே அட்டை வெச்சுக் கட்டுங்க. மோதிரத்தை அப்பவே கழட்டிருங்க. மயக்கமருந்து தர வேண்டி வரும், காப்பித்தண்ணி குடுக்காதீங்க.

பெட்டியில 10 செ.மீ. காஸ் ரோல் நாலு, கிரேப் பேண்டேஜ் ரெண்டு, டூர்னிகெட் ரெண்டு, சலைன் 500 மி.லி., கையுறை, ஜிப் கவர், மார்க்கர். பஞ்சை எடுத்துருங்க, காயத்துல ஒட்டும்.

பிரஸ்_ஆபரேட்டர்:
'நம்மைக் காக்கும் 48'ங்கிற அரசோட இலவச சிகிச்சைத் திட்டம் சாலை விபத்துக்குத்தான், மெஷின் விபத்துக்கு இல்லீங்க. எல்லாருக்கும் இஎஸ்ஐ பதிவு இருக்கான்னு இப்பவே பார்த்துக்கங்க. துண்டான விரலை ஒட்ட வைக்கிற நுண்அறுவை டாக்டர் எந்த ஆஸ்பத்திரியில ராத்திரியும் இருக்காங்கன்னு கேட்டு, நம்பரைச் சுவத்துல எழுதி வைங்க.