டம்ளர் ஆடுது (நங்கநல்லூர் பிளாட் குரூப்)

சனி

இரவு 9:42 | 2ஏ மாமி: 3ஏ, மேல என்ன பண்றேள்? அடுக்களை ஸ்டாண்டுல எவர்சில்வர் டம்ளரெல்லாம் தானா கிணுகிணுங்கறது.

9:44 | 3ஏ: சாரி மாமி, புது சப்வூஃபர், பேஸுக்குன்னே தனி ஸ்பீக்கர். ஆனா எனக்கே பத்தல. 12 இன்ச் வேஸ்ட். திங்கக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 15 பாக்கலாம்னு இருக்கேன்

9:45 | 2ஏ மாமி: 15-ஆ! முன்னாடியே சொல்லிடுங்கோ, பெங்களூர்ல பொண்ணாத்துக்குக் கிளம்பிடறேன்.

9:46 | 4பி செக்ரட்டரி: நாளை காலை 6 மணிக்கு மெட்ரோ தண்ணி லாரி. கேட்ல வண்டி விடாதீங்க.

9:51 | 1பி: 3ஏ அண்ணா, இருங்க. சோபா எங்க போட்டிருக்கீங்க?

9:52 | 3ஏ: நடுவுல. ரூம் நீளம் 14 அடி, என் தலை சரியா 7-ல

9:53 | 1பி: அதான் விஷயம். சத்தம் நொடிக்கு சுமார் 1,130 அடி போகும். ரூம் நீளத்துல ரெட்டிப்பு 28. வகுங்க

9:54 | 3ஏ: 40 சொச்சம்

9:56 | 1பி: அந்த 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 அதிர்வு பேஸ், ரூம் நீளத்தோட ஒத்து அதிரும். முன்சுவர், பின்சுவர் ஓரத்துல கொட்டும், நட்டநடுவுல காணாமப் போயிடும். நீங்க கேக்கலன்னு ஏத்த ஏத்த, மாமி வீட்டு டம்ளருக்குத்தான் கேக்குது 😄

9:57 | 3ஏ: ஈக்யூல (ஈக்வலைசர்) அந்த 40-ஐ மட்டும் தூக்கிட்டா?

9:58 | 1பி: ஓட்டைக் குடத்துல லாரித் தண்ணி. சத்தத்தை 10 டெசிபல் ஏத்தவே 10 மடங்கு பவர் வேணும். ஆம்ப்ளிஃபையர் சூடாகும், பள்ளம் அப்படியே இருக்கும்

10:01 | 2ஏ மாமி: சுவத்துல முட்டை அட்டை ஒட்டினா நிக்காதா?

10:02 | 1பி: இல்ல மாமி. ஒரு அலையே 28 அடி. கொசுவலைல காத்தைப் பிடிக்கிற கதை

10:03 | 3ஏ: போன் ஆப்ல அளந்து பாக்கட்டுமா

10:05 | 1பி: போன் மைக் பேச்சுக்குச் செஞ்சது, அடி பேஸுக்கு நம்பாதீங்க. என்கிட்ட யூமிக்-1 இருக்கு, சத்தம் அளக்கற மைக். மைக்குக்கு மைக் தனி காலிப்ரேஷன் ஃபைல், அதோட பிழையைத் திருத்திக்க. லேப்டாப்ல ரூம் ஈக்யூ விசார்டுன்னு அளக்கற சாஃப்ட்வேர், இலவசம்தான். காலைல வரேன்

ஞாயிறு

பகல் 11:20 | 3ஏ: அளந்தாச்சு. காது உயரத்துல மைக், டெஸ்ட் சத்தம் 15-லேர்ந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரே ஊளையா ஏறிச்சு. 40-ல 14 டெசிபல் பள்ளம்!! சோபாவ 2 அடி பின்னாடி தள்ளினதும் 5-தான். அப்புறம் சப்வூஃபரைத் தூக்கி சோபா மேல உக்கார வச்சுட்டு நான் சுவர் ஓரமா தவழ்ந்தேன். பையன் வீடியோ எடுத்துட்டான்

11:22 | 2ஏ மாமி: தவழறதா? எதுக்கு?

11:24 | 1பி: சப்பும் காதும் இடம் மாத்திக்கிட்டாலும் கணக்கு ஒண்ணுதான் மாமி. தவழும்போது எங்க பேஸ் ஒழுங்கா கேக்குதோ, அங்கயே சப்பை வச்சுடலாம். டிவி ஸ்டாண்டுக்கு இடது பக்கம், மூலைலேர்ந்து 2 அடில மாட்டுச்சு

11:25 | 3ஏ: கிராஸோவர் 80 ஹெர்ட்ஸ் (அதுக்குக் கீழ உள்ள சத்தம்தான் சப்புக்குப் போகும்), சப் லெவல் 6 டெசிபல் குறைச்சாச்சு. இப்பதான் நெஞ்சுல இறங்குது. அப்ப 15 வேணாமா?

11:27 | 1பி: இந்த ரூமுக்கு எதுக்கு. காசு இருந்தா இன்னொரு 12 வாங்கி எதிர்ப்பக்கம் வைங்க, மேடு பள்ளம் இன்னும் சமமாகும்

11:28 | 3ஏ: மாமி, நேத்து ராத்திரி போட்ட அதே பட சீன் இப்ப ஓடுது. டம்ளர்?

11:30 | 2ஏ மாமி: டம்ளர் சும்மா இருக்கு. வெங்கலப்பானை மூடி மட்டும் லேசா முனகறது.

11:31 | 3ஏ: இன்னும் 2 குறைச்சுட்டேன்

11:32 | 2ஏ மாமி: நின்னுடுத்து.

11:33 | 4பி செக்ரட்டரி: கேட்ல நிக்கிற கருப்பு வண்டி யாருது? லாரி திரும்பிப் போயிடுச்சு.