காபிக் கடையில் எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்: புகார் நிற்குமா?

கரிசல்: ஊர்க் காபிக் கடையில் மற்றவர்களுக்கு டம்ளர், பெஞ்ச். எங்கள் தெருக்காரர்களுக்குப் பேப்பர் கப், அதுவும் வெளியே நின்றுதான். விலை ஒன்றே. ‘சுத்தத்துக்காக’ என்கிறார் கடைக்காரர்.

வைகைக்கரை: நிற்கும். சுத்தத்துக்காக என்றால் எல்லாருக்கும் பேப்பர் கப் தர வேண்டும். ஆளைப் பார்த்துத் தருவது, சாதி பார்த்துத் தனிக் குவளை தரும் இரட்டைக் குவளை முறையேதான். தீண்டாமைக்கு எதிரான 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 4 பொருந்தும். அதைவிட வலுவானது பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(இசட்ஏ): 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. புகாரில் இந்தப் பிரிவைக் கட்டாயம் எழுதுங்கள்.

தோழர்_மணி: பல புகார்கள் சறுக்குவது எழுதும் விதத்தில்தான். ‘அவமானப்படுத்தினார்’ என்று மட்டும் எழுதினால் சாதாரண வாய்த்தகராறாக முடித்துவிடுவார்கள். தேதி, நேரம், யாருக்கு எதில் கொடுத்தார், உங்கள் சாதி, அவர் சாதி எல்லாம் வேண்டும். சாதிச் சான்றிதழ் நகலும் வையுங்கள். வீடியோவில் டம்ளரும் கப்பும் ஒரே காட்சியில் தெரியட்டும். போனில் உள்ள அசல் பதிவை அழிக்காதீர்கள்.

வைகைக்கரை: இன்னொன்று. புகாரைப் பெற்றதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், இலவசம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 18ஏ-படி எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. உதவி எண் 14566.

கரிசல்: நன்றி. நாலு பேர் சேர்ந்தே கையெழுத்துப் போடுகிறோம்.