கூம்பு வடிவ பிளாஸ்டிக் நொதிகலன் பற்றி ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். நுவரெலியாவில் நாங்கள் நடத்தும் சிறிய விடுதியில் பியர் நொதிக்கவைப்பதற்காக, கூம்பு அடியுடைய 30 லீற்றர் பிளாஸ்டிக் கலன் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். மதுவரித் திணைக்கள அனுமதிப்பத்திர வேலை தனியே நடைபெறுகிறது. இங்கே நான் கேட்பது கலனைப் பற்றி மட்டுமே.

தட்டையான வாளியை விட்டுக் கூம்பை நாடுவதற்குக் காரணம், அடியில் படியும் ஈஸ்ட்டைக் கீழ்வால்வு வழியாக வெளியேற்றிவிட்டு, பியரை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமலேயே தெளியவைக்கலாம் என்பதுதான். ஆனால் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூக்களின் துகள்கள் வால்வை அடைக்காதிருக்க என்ன செய்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் வால்வை முழுவதும் கழற்றியா கழுவுகிறீர்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும்.

தண்ணீர்ப் போத்தல்கள் செய்யப் பயன்படும் பெட் (PET) பிளாஸ்டிக், வாளிகளுக்குப் பயன்படும் பொலிஎதிலீனைவிட ஒட்சிசனைக் குறைவாகவே உள்ளே விடும் என்பதால் என் மனம் அதன் பக்கம் சாய்கிறது. எனினும் அது கொதிநீரில் உருக்குலையும். கரடான தேய்ப்பானால் விழும் கீறல்களில் கிருமிகள் தங்கும். ஒளி ஊடுருவுவதால் ஹொப்ஸின் மணமும் கெடும். துணியால் மூடினால் போதுமா?

இங்கே இரவுக் குளிர் ஏல் வகைப் பியருக்கான ஈஸ்ட் விரும்பும் 18 முதல் 20 பாகை செல்சியஸுக்கு வெகு கீழே இறங்கிவிடுகிறது. வெப்பப் பட்டியைக் கூம்பில் சுற்றுவதா, மேற்பகுதியில் சுற்றுவதா? அல்லது குளிரையே பயன்படுத்தி குறைந்த வெப்பநிலையில் நொதிக்கும் லாகர் வகை ஈஸ்ட்டுக்கு மாறுவது புத்திசாலித்தனமா? வால்வுக்கான இறப்பர் வளையங்கள் கண்டியிலோ கொழும்பிலோ தனியாகக் கிடைக்குமிடம் தெரிந்தாலும் அறியத் தாருங்கள்.