ரசிகராக்கமா, புடையாக்கமா?

பாலக்கோடு, கணினி ஆசிரியர்:
பதினொன்றாம் வகுப்புக்கு இரண்டு பக்கக் கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிள்ளைகள் அனிமேக்குத் தாங்களே சப்டைட்டில் போட்டுப் பகிர்கிறார்கள், படக்காட்சியை வெட்டி ஒட்டி யூடியூபில் ஏற்றுகிறார்கள். 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழுந்தால் சேனலே போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. ரசிகர்கள் செய்யும் இவற்றுக்கெல்லாம் (ஆங்கிலத்தில் fan works) பொதுவான தமிழ்ச்சொல்லாக 'ரசிகராக்கம்' எனலாமா?

ஊத்தங்கரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தமிழாக்கம் என்றால் தமிழாக ஆக்குவது. ரசிகராக்கம் என்றால் ஆளை ரசிகராக ஆக்குவது; அது மன்றத் தலைவர் வேலை தம்பி. நன்னூல் 'பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி' வருவதை, அதாவது பின்வந்தவன் தான் விரும்பும் வேறுபாடுகளைச் சொல்லி எழுதுவதை, வழிநூல் என்கிறது. ஆகவே 'வழியாக்கம்'.

ஓசூர், மென்பொருளாளர்:
ஐயா, அதே நூற்பா 'முடிபு ஒருங்கு ஒத்து' என்றும், முதல்நூலின் முடிவோடு முழுதும் ஒத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறதே? ரசிகர் எழுதும் கதையில் செத்த நாயகன் எழுந்து வருகிறான், முடிபு எங்கே ஒத்தது? தவிர, வழியாக்கம் என்றால் அனுமதி வாங்கிச் செய்தது போலத் தொனிக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பும் தழுவலும் உரிமையாளர் கையில். தெரிந்தே மீறினால் பிரிவு 63: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 'அனுமதியில்லா ரசிகர் படைப்பு' என்றே போடுங்கள்.

ஊத்தங்கரை:
அது கலைச்சொல் அன்று, புகார் மனு. சரி, வழிநூல் ஒவ்வாவிட்டால் மூலத்திலிருந்து மாறுபடும் சார்புநூல்; புடைநூல் என்பதும் அதுதான். 'திரிபுவேறு உடையது புடைநூல் ஆகும்.' எனவே 'புடையாக்கம்'.

பென்னாகரம், நூலகர்:
எங்கள் பக்கம் புடைப்பது கேழ்வரகைத்தான் ஐயா. ஆனால் ஒன்று. நம்ம ஊர்ப் (தகடூர், இன்றைய தருமபுரி) போரைப் பாடிய பழைய நூலான தகடூர் யாத்திரை முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற பழம்பாடல் திரட்டில் தொகுத்ததாலும் உரைகாரர்கள் எடுத்துக்காட்டியதாலும்தான் சில பாட்டு மிஞ்சியது. யாரைக் கேட்டு எடுத்தார்கள்? பகிர்கிறவரை எடுத்தவுடன் கள்ளனாக்கும் சொல் வேண்டாம்.

ஓசூர்:
அம்மா, புறத்திரட்டுக்காரர் பாட்டோடு வைரஸ் சேர்த்துத் தரவில்லை. இங்கே சப்டைட்டில் என்று ஜிப் கோப்பை இறக்கினால் உள்ளே இயங்கு கோப்பு (.exe) கிடக்கிறது. வெறும் எழுத்துக் கோப்புக்கு அது எதற்கு? அதைச் சொடுக்கினால் பள்ளிக்கூடக் கணினி காலி.

பாலக்கோடு:
நாளை வெள்ளி. பெரும்பாலோர் 'ரசிகர் படைப்பு' போதும் என்கிறார்கள். அனுமதி, வைரஸ் இரண்டையும் கீழே பத்தியில் விளக்கிவிடுகிறேன்.

ஊத்தங்கரை:
ரசிகர் வடசொல். 'சுவைஞர் படைப்பு' என்றால் என்ன குறை?

பாலக்கோடு:
பிரியாணிக் கடை விமர்சனம் என்று நினைத்துக்கொள்வார்கள் ஐயா.

ஊத்தங்கரை:
நினைக்கட்டும், சொல்லிக்கொடுக்கத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்? அச்சிடுவதானால் அச்சிடுங்கள், எனக்கு உடன்பாடில்லை. புடையாக்கத்துக்கு ஓசூர்த் தம்பி இன்னும் மறுப்பே சொல்லவில்லை.