27 அங்குல ஐமேக் (2017): எஸ்எஸ்டி போடத் திரையைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி
5கே ஐமேக், 2017 மாடல். 8 ஜிபி ரேம், 1 டிபி ஃப்யூஷன் டிரைவ், மேக்ஓஎஸ் வென்சுரா. டெஸ்க்டாப் வந்த பிறகும் வெகுநேரம் எதைத் தொட்டாலும் வண்ணச் சக்கரம்தான் சுற்றுகிறது. திரையைக் கழற்றி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான சேமிப்பு டிரைவ்) மாட்டலாம் என்கிறார் கடைக்காரர். ஆப்பிள் இந்த 27 அங்குல வரிசையை 2022 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. இனிமேல் இதற்குச் செலவழிக்கலாமா?

பதில் 1
தாராளமாக. ஆனால் திரையில் கை வைக்க வேண்டாம். உங்கள் ஃப்யூஷனில் ஃபிளாஷ் வெறும் 32 ஜிபி. மீதியெல்லாம் சுழலும் ஹார்டு டிஸ்க். வென்சுராவின் கோப்பு முறையான ஏபிஎஃப்எஸ் எஸ்எஸ்டியை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுழலும் டிஸ்க்கில் படிக்கும் ஹெட் அங்குமிங்கும் ஓடியே நேரம் கரைந்துவிடும்.

10 ஜிபிபிஎஸ் யூஎஸ்பி-சி எஸ்எஸ்டி, 1 டிபி போதும். பின்னாலுள்ள இரண்டு தண்டர்போல்ட் 3 போர்ட்டுகளில் ஒன்றில் செருகுங்கள். பழைய யூஎஸ்பி-ஏ துளை 5 ஜிபிபிஎஸ்தான். டிஸ்க் யுட்டிலிட்டியில் 'எல்லாச் சாதனங்களையும் காட்டு' கொடுத்து, மேல்மட்ட டிரைவையே அழித்து ஏபிஎஃப்எஸ் வடிவம், ஜியுஐடி பிரிவினை முறை தேர்ந்தெடுங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: கீழேயுள்ள வால்யூமை மட்டும் அழித்தால் பழைய எம்பிஆர் பிரிவினை அப்படியே நிற்கும், இன்ஸ்டாலர் ஏற்காது. பிறகு வென்சுராவை அதில் நிறுவி, மைக்ரேஷன் அசிஸ்டன்ட்டில் கோப்புகளைக் கொண்டுவந்து, ஸ்டார்ட்அப் டிஸ்க்காக அதையே வையுங்கள். 2017 மாடலில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததால் தனி அனுமதி தேவையில்லை. 2020 மாடலில் மட்டும் ரிகவரி (மீட்பு) முறைக்குப் போய் வெளி டிரைவிலிருந்து பூட் ஆக அனுமதிக்க வேண்டும்.

பதில் 2
ரேமையும் விட்டுவிடாதீர்கள். டிடிஆர்4, 2400 மெகாஹெர்ட்ஸ், லேப்டாப் அளவு ரேம் வேண்டும். நான்கு ஸ்லாட்டில் இரண்டு காலி. அவற்றில் 8 ஜிபி வீதம் ஒரு ஜோடி போட்டால் மொத்தம் 24 ஜிபி ஆகும். பவர் வயரை உருவி, துணிமேல் கவிழ்த்து வைத்து, வயர் செருகும் குழிக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மூடி திறக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது அரை நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்துவிட வேண்டாம்.

பதில் 3
உள்ளேதான் மாட்டுவேன் என்றால்: திரை பசை நாடாவில் ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டையும் மேலையும் பிளாஸ்டிக் சக்கரத்தால் அறுத்ததும் சட்டென்று தூக்கக் கூடாது, இரண்டு கேபிள்கள் குட்டையாக இருக்கும். டேட்டா கேபிளின் உலோகக் கொக்கியை முதலில் நிமிர்த்தாமல் இழுத்தால் கனெக்டரே பெயர்ந்து வரும். பவர் சப்ளை போர்டு மூடியில்லாமல் இருக்கிறது. வயரை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கும். புது பசை நாடா செட், 3.5 அங்குல இடத்துக்கு 2.5 அங்குல பிராக்கெட், இரண்டும் கையில் இருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டாலும் அது பழைய சாட்டா இணைப்புதான், வெளி எஸ்எஸ்டியைவிட மெதுவாகத்தான் ஓடும். 32 ஜிபி ஃபிளாஷ் பிளேடோ மதர்போர்டுக்குப் பின்னால் இருப்பதால் அதை மாற்றுவது இன்னும் கடினம்.

கேள்வி கேட்டவர்
வெளி எஸ்எஸ்டியே போதும். வென்சுராவுக்கு அடுத்த பதிப்பான சொனோமா போடலாமா?

பதில் 1
ஆப்பிள் கணக்கில் வென்சுராவோடு முடிந்தது. பழைய மேக்கில் புது மேக்ஓஎஸ் போட உதவும் ஓப்பன்கோர் லெகசி பேட்ச்சர் என்ற மென்பொருள் வழியாகப் போடலாம். ரேடியான் கிராபிக்ஸ் சிக்கல் தராது. வைஃபைதான் போய்விடும், இதிலுள்ள பிராட்காம் வைஃபை சிப்புக்கான டிரைவரை சொனோமாவில் நீக்கிவிட்டார்கள். ஈதர்நெட் கேபிளைச் செருகி அந்த பேட்ச்சரின் ரூட் பேட்ச்சை (நீக்கிய டிரைவரைத் திரும்பச் சேர்ப்பது) நிறுவினால் வைஃபை திரும்பும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் இதே வேலை, அதனால் தானியங்கி அப்டேட்டை முதலில் அணைத்துவிடுங்கள்.