சித்திரை லீவுக்குக் குடும்பமாப் படம்: தியேட்டரோ, வீட்டு முத்தமோ?

வேப்பமரத்தடி (கொக்குவில்)

வருசம் பிறந்து நாலு நாளாச்சு, வெயில் விடுறமாதிரி இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியிலை சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியிலை நிக்கும். மத்தியானம் எங்கட கிணத்தை எட்டிப் பாத்தால் அடிக்கல்லு பளிச்செண்டு தெரியுது. பகல் முழுக்கப் பிள்ளையள் ஃபானுக்குக் கீழை, ஆளுக்கொரு போனோடை. ஒரு அறை, நாலு பேர், நாலு விதமான சத்தம்.

இதுக்கொரு வழி பண்ணவேணும் எண்டு போன சனிக்கிழமை முத்தத்திலை படம் போட்டம். புரொஜெக்டர் மச்சானிட்டை இரவல். அப்பாவின்ர எட்டுமுழ வேட்டியைக் கொடியிலை விரிச்சு, காத்துக்கு ஆடாமல் கீழ்க்கரையிலை ரெண்டு செங்கல்லைச் சுத்திக் கட்டினன். ஆறரைக்குப் பொழுதுபட்டாலும் ஏழு மணி மட்டும் வேட்டியிலை ஒண்டும் தெரியேல்லை, வெளிச்சம் மிச்சம். பொறுத்திருந்து ஏழு பத்துக்குத் தொடங்கினம். படம் ‘காதலிக்க நேரமில்லை’, 1964 இல ஸ்ரீதர் எடுத்தது. நாகேஷ் பாலையாவுக்குப் பயங்கரக் கதை சொல்லுற இடம் வர முதலே அம்மம்மா சிரிக்கத் தொடங்கீட்டா. என்ர ஒன்பது வயசு மகன் வேட்டியைப் பாக்கேல்லை, அம்மம்மாவைத்தான் பாத்துக்கொண்டிருந்தவன். முடிய ரெண்டு பேருமாச் சேந்து அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டினம்.

குடும்பமா ஆறுதலாப் பாக்கிற படத்துக்கு வீட்டு முத்தம்தான் இடம். தியேட்டர் வேற சோலி. இதுதான் என்ர கட்சி. நீங்கள் என்ன சொல்லுறியள்? உங்கட வீட்டிலை எல்லாரும் சேந்து பாக்கிற படம் எது?

பல்கனிரிக்கெற்

அண்ணை, முத்தம் நல்லது, அதை நான் மறுக்கேல்லை. ஆனால் “தியேட்டர் வேற சோலி” எண்டு ஒரே வசனத்திலை தள்ளிப்போட்டியள், அதை விடேலாது.

யாழ்ப்பாண ரவுணிலை ஒருகாலத்திலை எத்தினை தியேட்டர்! ராஜா, மனோகரா, வின்சர், ராணி, ரீகல், வெலிங்டன், லிடோ, சாந்தி, ஸ்ரீதர். அப்பா வரிசையாச் சொல்லுவார். எந்தப் படம் கலரியிலை இருந்து பாத்தது, எது பல்கனியிலை எண்டும் சொல்லுவார். அதிலை பெரும்பாலானது இண்டைக்கு இல்லை. மிஞ்சியிருக்கிறதும், காகில்ஸ் கட்டடத்திலை வந்த புதுத் திரையளும் தொடந்து ஓடவேணுமெண்டால் குடும்பங்கள் போகவேணும். எல்லாரும் வேட்டியிலை பாத்தால், பெரிய நடிகரின்ர முதல்நாள் காட்சிக்குப் பெடியள் மட்டும்தான் போவினம். பிறகு தியேட்டர் குடும்பத்துக்குச் சரிவராத இடம் எண்டு நாங்களே சொல்லுவம்.

2025 மே மாசம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்த நேரம் நாங்கள் ஏழு பேர் போனனாங்கள். வல்வெட்டித்துறையிலையிருந்து கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பத்தின்ர கதை. சசிகுமாரும் சிம்ரனும் எங்கட பேச்சைக் கதைக்கேக்கை, எனக்குப் பின்வரிசையிலை இருந்த ஒரு அம்மா ஒவ்வொரு வசனத்தையும் மெல்லத் தன்ர வாயாலை திருப்பிச் சொன்னவ. பிழையெண்டு பட்ட இடத்திலை திருத்தியும் சொன்னவ. மண்டபம் நிறைஞ்ச சனம் ஒண்டாச் சிரிச்சு ஒண்டா அடங்கிறது முத்தத்திலை கிடைக்காது.

வேப்பமரத்தடி

தம்பி, அம்மம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. முழங்கால் நோ. இருட்டுக்குள்ளை படியிலை ஏறி இறங்கேலாது, ரெண்டரை மணித்தியாலம் ஒரே கதிரையிலை இருக்கவும் ஏலாது. முத்தத்திலை எண்டால் சாய்மனைக் கதிரையிலை காலை நீட்டிக்கொண்டு பாப்பா. அவவை வீட்டை விட்டிட்டுப் போனால் அதைக் குடும்பமாப் போனது எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதோடை ஆறு ரிக்கெற், போக வர ஓட்டோ. சின்னவள் வேற சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

அடுப்படி (மானிப்பாய்)

முத்தமோ தியேட்டரோ எண்டு ரெண்டு பேரும் பிடுங்குப்படுறியள். அந்த நேரம் வீட்டிலை ஆர் வேலை செய்யிறது எண்டு ஒருதரும் கேக்கேல்லை.

போன ஆவணி, நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலையிருந்து எங்கட ஆக்கள் வந்தவை. வீட்டிலை பதினாலு பேர். இப்பிடித்தான் முத்தத்திலை வேட்டி கட்டிப் படம் போட்டது. எல்லாரும் ஆறுதலா இருந்து பாத்தினம். நான் அடுப்படியிலை. உழுந்து வடை சுட்டு முடியப் பாதிப் படம் போயிட்டுது. பிறகு பிளேன் ரீ. பிறகு ஒருதருக்கு ஒடியல் கூழ் ஆசை வந்திட்டுது. கூழ் எண்டால் தெரியும்தானே. நண்டு, றால், மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிஞ்சு வர, ஊறவிட்ட ஒடியல் மாவைக் கரைச்சு விட்டுக் கட்டிபடாமல் துழாவிக்கொண்டே நிக்கவேணும். இடையிலை அகப்பையை விட்டிட்டு வரேலாது.

அடுப்படி யன்னலாலை பாத்தால் வேட்டியின்ர பின்பக்கம்தான் தெரியும். எழுத்தெல்லாம் புரண்டு கிடந்துது. படத்திலை ஆக்கள் எல்லாரும் இடக்கையாலை சாப்பிட்டினம். நான் அந்தப் படத்தைப் பாத்தது அப்பிடித்தான்.

தியேட்டருக்குப் போனால் நானும் ஒரு கதிரையிலை இருப்பன். என்ர வோட்டு தியேட்டருக்கு.

கச்சான்காத்து (வடமராட்சி)

தங்கச்சி சொன்னதிலை நியாயம் இருக்கு. ஆனால் பிழை முத்தத்திலை இல்லை, அடுப்பிலை. ஒரு இரவைச் சொல்லுறன்.

1990 இல யுத்தத்தாலை எங்களுக்குக் கரண்ட் போனது. பிறகு வந்த வருசங்களிலை ஊருக்குள்ளை ஒரு பிறந்தநாள் எண்டால் ரிவி, வீடியோ டெக், ஜெனறேற்றர் மூண்டையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவினம். பெற்றோலை ஒரு மூடியளவு விட்டு இழுத்து ஸ்ராட் பண்ணி, பிடிச்ச உடனை மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மண்ணெண்ணெய் விளக்குக்கே காணாத காலம். ஒவ்வொரு வீட்டாலையும் அரைப்போத்தல் கொண்டுவருவினம், அதுதான் ரிக்கெற். படச் சத்தத்தை அமத்தாமல் இருக்க வளவின்ர பின்பக்கம் கிடங்கு வெட்டி அதுக்குள்ளை ஜெனறேற்றரை இறக்கி வச்சது.

ரிவி பதினாலு அங்குலம். அதுக்கு முன்னாலை நாப்பது அம்பது பேர். மூண்டாவது படம் ஓடிக்கொண்டிருக்க மண்ணெண்ணெய் முடிஞ்சுபோச்சு. படம் நாலு பக்கத்தாலையும் சுருங்கிச் சுருங்கி, நடுவிலை ஒரு வெள்ளைப் புள்ளியா நிண்டு அணைஞ்சுது. ஒருதரும் எழும்பேல்லை. அந்தப் படத்தை முந்திப் பாத்த ஒரு மாமா, இருட்டுக்குள்ளை இருந்து மிச்சக் கதையைச் சொல்லி முடிச்சவர். சண்டைக் காட்சியையும் விடேல்லை.

அண்டைக்கு ஒருதரும் பெரிசாச் சமைக்கேல்லை. அவிச்ச பயறும் தேங்காய்ச் சொட்டும். பெண்டுகள் எல்லாரும் முன்வரிசையிலை. கூழ் வேணுமெண்டவர் தானே துழாவட்டும், அல்லது மத்தியானமே காய்ச்சிக் குடிச்சிட்டு வந்து இருக்கட்டும்.

கம்பஸ்பிள்ளை (திருநெல்வேலி)

அம்மம்மாவுக்குப் பிடிச்சது, அப்பாவுக்குப் பிடிச்சது, மாமா அந்தக் காலத்திலை பாத்தது. இந்தப் பட்டியலிலை எங்கட தெரிவு எங்கை? போனோடை இருக்கினம் எண்டு எங்களைக் குறை சொல்லுறியள். போனிலை நாங்கள் பாக்கிறதை நாங்களே தெரிவுசெய்யிறம். பாயிலை இருந்தால் வேற ஆரோ தெரிவுசெய்ததைப் பாக்கவேணும்.

எங்கட வீட்டிலை லீவு வந்தால் மாமா ‘தெனாலி’ போடுவார். 2000 ஆம் ஆண்டுப் படம். கமல் எங்கட தமிழிலை கதைக்கிறார் எண்டு அவைக்குப் பெரிய சந்தோசம். எனக்குச் சிரிப்பு வாறேல்லை. எதைக் கண்டாலும் பயப்பிடுற ஒரு ஈழத்தமிழரைப் பாத்து நான் எப்பிடிச் சிரிக்கிறது? எங்கட பெரியம்மா இண்டைக்கும் ஹெலிச் சத்தம் கேட்டால் செய்யிற வேலையை விட்டிட்டு எழும்பி உள்ளுக்குப் போவா. படம் போடேக்கை அவவும் அந்தப் பாயிலைதான் இருக்கிறா. அதைச் சொன்னால் “படம்தானே” எண்டு முடிச்சுப்போடுவினம்.

இன்னொண்டு. பழைய படம் போடுறதிலை எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் புதுப்படம் வந்து மூண்டாம் நாளே களவுக் கொப்பி இறக்கி முத்தத்திலை போடுற ஆக்கள் எங்கட ஒழுங்கையிலேயே இருக்கினம். இடையிலை ஆரோ எழும்பிப் போற தலையும் அதுக்குள்ளை தெரியும். அது படம் எடுத்தவையின்ர வயித்திலை அடிக்கிற வேலை. முத்தம் முத்தம் எண்டு கதைக்கிற ஆக்கள் இதையும் கதைக்கவேணும்.

கச்சான்காத்து

பிள்ளை, ‘தெனாலி’க்கு நான் சிரிச்சனான். பங்கருக்குள்ளை இருந்தும் சிரிச்சனாங்கள். செல் விழுந்து புழுதி அடங்க முதல் ஒருதர் ஒரு கதை சொல்லுவார், எல்லாரும் சிரிப்பம். சிரிக்காமல் அந்தக் காலத்தைக் கழிச்சிருக்கேலாது. பயத்தைப் பாத்துச் சிரிக்கிற உரிமை எங்களுக்கு இருக்கு.

கம்பஸ்பிள்ளை

உங்களுக்கு இருக்கு மாமா, நான் பறிக்கேல்லை. பெரியம்மா சிரிக்கேல்லை. அவ இருக்கிற முத்தத்திலை அதைப் போடவேண்டாம் எண்டுதான் கேக்கிறன். நீங்கள் தனியப் பாருங்கோ.

கச்சான்காத்து

அது சரி. அதுக்கு மறுப்பில்லை.

பல்கனிரிக்கெற்

களவுக் கொப்பி பற்றித் தங்கச்சி சொன்னதுக்கு என்ர கை ரெண்டும் மேலை. தியேட்டருக்கு வந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. பழைய படத்துக்கு முத்தம், புதுப்படத்துக்குத் தியேட்டர் எண்டு வேப்பமரத்தடி அண்ணை ஒத்துக்கொண்டால் நான் இதோடை நிப்பாட்டுறன்.

வேப்பமரத்தடி

களவுக் கொப்பி எங்கட முத்தத்திலை போடமாட்டம், அதை எழுதித் தாறன். ஆனால் முழுசா ஒத்துக்கொள்ளேலாது. பிள்ளையளின்ர கார்ட்டூன் படங்கள் தமிழ்க் குரலோடை, காசு கட்டின இடத்திலையே வருகுது, அதையும் முத்தத்திலை பாக்கலாம். 1978 இல வந்த இலங்கைப் படம் ‘வாடைக்காற்று’, செங்கை ஆழியான்ர நாவல், அதை இண்டைக்கு எந்தத் தியேட்டரிலை போடுவினம்? எங்கட படங்களைப் பிள்ளையளுக்குக் காட்ட வீட்டை விட்டால் வேற இடம் இல்லை.

கம்பஸ்பிள்ளை சொன்ன பிறகு வீட்டிலை ஒரு ஒழுங்கு வச்சிருக்கிறம். ஒவ்வொரு சனியும் ஒருதர்ர தெரிவு, சின்னவளிலை இருந்து மேலை. ஆருக்கு எந்தப் படம் வேண்டாமோ அவை முதலே சொல்லலாம், காரணம் கேக்கிறேல்லை.

அடுப்படி அக்காவின்ர எழுத்தை என்ர மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். நாகேஷ் கதை சொல்லுற நேரம் அவ எங்கை இருந்தவ எண்டு கேட்டன். கச்சான் வறுத்துக்கொண்டு நிண்டதாம். நாங்கள் திருப்பிப் போட்டது ரெண்டாம் தரம் எண்டதே அவவுக்குத் தெரியாது.

பிறகு அம்மம்மாவிட்டைப் போய், தியேட்டருக்கு வருவியளோ எண்டு கேட்டன். இவ்வளவு நாளும் நான் கேட்டதில்லை, முழங்காலை நானே யோசிச்சு முடிவெடுத்தது. “கூட்டிக்கொண்டு போனால் வராமல் விடுவனே?” எண்டா. எத்தினை படி எண்டு மட்டும் கேக்கச் சொன்னவ.

பல்கனிரிக்கெற்

அண்ணை, மற்றினிக்குக் கொண்டுவாங்கோ, கிழமை நாளிலை. சனம் குறைவு, வெளியிலை வெயில் கொளுத்த உள்ளுக்குக் குளிர். மேலை ஏற்றாதேங்கோ. கதவாலை வந்த உடனை இருக்கிற வரிசையிலை கரைக் கதிரை எடுங்கோ, படி கனக்க வராது, காலையும் நீட்டலாம். லைற் அணைக்க முதல் பத்து நிமிசம் முந்தி இருத்திப்போடுங்கோ. ஒரு சால்வை கட்டாயம், ஏசி குளிர் முழங்காலுக்குக் கூடாது. சின்னவளுக்குக் காதுக்குப் பஞ்சு.

அடுப்படி

இந்தச் சனி எங்கட வீட்டிலை என்ர தெரிவு. இரவுச் சாப்பாடு கடைக் கொத்துரொட்டி, அவர் போய் வாங்குறார். போன ஆவணி போட்ட அதே படத்தைத்தான் கேட்டிருக்கிறன். பாயை வேட்டிக்கு முன்பக்கம் நானே விரிச்சுப்போட்டன்.