தூசி கிளம்பாமல் பெருக்க முடியுமா? ஈரத்துணி அனுபவங்கள்

கோவையிலிருந்து:

எங்கள் கூடத்து ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை ஏழரைக்கு வெயில் சாய்வாக உள்ளே விழும். போன தை மாதம் ஒருநாள் பெருக்கிக்கொண்டிருந்தேன். என் மகன் அந்த வெயிலைக் காட்டி, "அம்மா, தூசியெல்லாம் மேல போகுது பாரு" என்றான். பூந்துடைப்பத்தை வீச வீச, பொடி புகைபோல எழுந்து அவன் உட்கார்ந்திருந்த பாய்ப் பக்கம் போனது. அவனுக்குக் குளிர்காலத்தில் இளைப்பு வரும். நான் தினமும் முறத்தில் அள்ளியது முடியும் மணலும்தான். பொடித் தூசியெல்லாம் காற்றில் சுற்றி, அரை மணி நேரத்தில் டிவி மேசையில் வந்து படிந்தது.

ஊரில் என் அம்மா தண்ணீர் தெளிக்காமல் வாசலில் விளக்குமாறு போடமாட்டார். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தும், வீட்டுக்குள் டைல்ஸ் தரைக்கு அதே யோசனை பொருந்தும் என்று எனக்கு இத்தனை வருடமும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து தட்டையான மாப்பில் மைக்ரோஃபைபர் துணி மாட்டிப் பெருக்குகிறேன். பெருக்குகிறேன் என்றுதான் சொல்கிறேன், துடைக்கிறேன் என்றல்ல. முதல் வாரம் சொதப்பியது. துணியில் ஈரம் அதிகம். தூசி சேறாகி டைல்ஸ் இடுக்கில் கோடு கோடாக ஒட்டிக்கொண்டது, காய்ந்ததும் மறுபடி பொடியானது. இப்போது துணியை முறுக்கிப் பிழிந்து, சொட்டு விழாத பதத்தில்தான் மாட்டுகிறேன். உள்ளங்கையில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கை நனையக் கூடாது. போன இடம் ஒன்றிரண்டு நிமிடத்தில் காய்ந்துவிட்டால் பதம் சரி.

ஃபேனை நிறுத்திவிட்டு உள் மூலையிலிருந்து வாசல் நோக்கி வருவேன். மாப்பைத் தரையிலிருந்து தூக்குவதே இல்லை, எட்டுப் போடுவதுபோல் வளைத்து வளைத்துத் தள்ளுவேன். முன்விளிம்பில் முடியும் தூசியும் ஒரு சுருளாகத் திரளும், கடைசியில் அதை முறத்தில் அள்ளினால் போதும். தண்ணீரும் சோப்பும் போட்டு முழுசாகத் துடைப்பது வாரம் இரண்டு முறைதான்.

பழைய தரை உள்ளவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து:

எங்கள் வீடு முழுக்க ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டுச் செய்வார்கள். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி முகத்திலிருந்து வருவது. சூளையில் சுட்ட பூச்சு கிடையாது, அடிப்படையில் அது சிமெண்ட். அதனால் தண்ணீரைக் கொட்டினால் குடித்துவிடும். பிழிந்த பருத்தித் துணியால் தினமும் தேய்ப்பதுதான் எங்கள் வழக்கம். தேய்க்கத் தேய்க்க மெருகு ஏறும். அப்பத்தா மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு கை பார்ப்பார்.

ஒரு விஷயம் மனசு வலித்துச் சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு வீட்டைத் தயார் செய்ய வந்தவர்கள் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், பாத்ரூம் ஆசிட் ஊற்றிவிட்டார்கள். சிமெண்டை ஆசிட் அரித்துவிடும். நாலு கல் வெளுத்ததுதான், இன்றுவரை நிறம் திரும்பவில்லை. மொசைக், மார்பிள் வைத்திருப்பவர்களும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் தரைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி:

வார்டில் காய்ந்த துடைப்பம் போட நான் விட்டதே இல்லை. தூசியோடு கிருமியும் எழுந்து திறந்த புண்ணிலும் மருந்து டிரேயிலும் படியும். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2003-ல் வெளியிட்ட மருத்துவமனைச் சுகாதார வழிகாட்டியும், நோயாளிகள் இருக்கும் இடத்தில் தூசியைப் பரப்பும் முறைகளைத் தவிர்க்கச் சொல்கிறது.

வீட்டுக்கும் பொருந்தும் பழக்கம் இரண்டு வாளி. ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்று அழுக்குத் துணியை அலசிப் பிழிய. ஒரே வாளி என்றால் மூன்றாவது அறைக்கு முதல் அறையின் அழுக்கைத்தான் பூசுகிறோம். சுத்தமான அறையில் தொடங்குங்கள், கழிப்பறை கடைசி, அதற்குத் துணியும் தனி. வேலை முடிந்ததும் மாப்பை வாளிக்குள்ளேயே விடாமல் அலசி வெயிலில் தொங்கவிடுங்கள். வீட்டில் அடிக்கும் அந்த ஈரநாற்றம் பெரும்பாலும் மாப்பிலிருந்து வருவதுதான்.

அப்புறம், எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தைத் தொடவே வேண்டாம். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஊறவிட்டு, காகிதத்தால் எடுத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி, கிரானைட் பட்டறை:

எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கிரானைட் தூசியில் சிலிகா என்ற கனிமம் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அந்தப் பொடி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அமெரிக்காவில் 2016-ல் வந்த விதி, சிலிகாத் தூசி உள்ள வேலையிடத்தில் ஈரமாகப் பெருக்கவோ வடிகட்டியுள்ள வேக்குவம் போடவோ முடிகிற இடத்தில் காய்ந்த துடைப்பம் போடுவதைத் தடுக்கிறது. நாங்கள் பட்டறையில் தண்ணீர் தெளித்துத் தள்ளுகிறோம். அலுவலக அறையில் ஈர மரத்தூளைத் தூவிப் பெருக்குகிறோம், பொடி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வீட்டில் டைல்ஸ் வெட்டும் வேலை நடந்தால் அந்தத் தூசியையும் தயவுசெய்து காய்ந்தபடி பெருக்காதீர்கள்.

மதுரையிலிருந்து:

எல்லாம் சரி, ஆனால் ஈரத்தில் என் மாமியார் ஒருமுறை வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அறை அறையாகச் செய்து, காய்ந்தபிறகே உள்ளே விடுங்கள். இன்னொன்று, வாசற்படி ஓரம் மணல் கிடந்தால் முதலில் அதைப் பூந்துடைப்பத்தால் மெதுவாக, தரையோடு ஒட்டினாற்போல் தள்ளி அள்ளிவிட வேண்டும். மணலோடு ஈரத்துணியை இழுத்தால் பளபளப்பான டைல்ஸில் கீறல் விழும். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நீளக் கம்பு மாப் வாங்கிக் கொடுத்தோம். குனியாமல் செய்ய முடிவதால் இடுப்பு வலி குறைந்தது என்கிறார்.

கோவையிலிருந்து மறுபடி:

எல்லாருக்கும் நன்றி. செவிலியர் அம்மா சொன்ன இரண்டு வாளியை நேற்றே தொடங்கினேன். இரண்டு அறை முடிந்ததும் அலசும் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. இத்தனை நாள் அதில்தான் சமையலறையையும் துடைத்திருக்கிறேன். மகனின் இளைப்புக்கு மருந்து தொடர்கிறது, அதை ஈரத்துணி சரிசெய்தது என்று நான் சொல்லமாட்டேன். பெருக்கும்போது வரிசையாக வரும் தும்மல் மட்டும் இப்போது இல்லை. காலையில் அதே பாயில், அதே வெயிலில் உட்கார்ந்துதான் படிக்கிறான்.